ஸ்கவுட், கைட்ஸ், என்எஸ்எஸ்: பிள்ளைங்களுக்கு என்னதான் கிடைக்குது?

கேள்வி, ஜூன் 14, 2025

பொண்ணு ஏழாவது. ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம்கூட ஆகல, கைட்ஸ்ல, அதான் சாரணர் இயக்கத்துல பொண்ணுங்க பிரிவு, அதுல சேரணும்னு ஒரு ஃபார்மை கொண்டாந்து நீட்டுறா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாஸாம், அப்பப்ப சனிக்கிழமையும் உண்டாம், கேம்ப் வேற இருக்காம், ராத்திரி வெளிய தங்கணுமாம். மேத்ஸ் டியூஷனும் அதே டைம்லதான். கயித்துல முடிச்சு போடுறதும் கைதட்டி பாட்டு பாடுறதும் இந்தக் காலத்துல எதுக்கு உதவும்னு எனக்குப் புரியல. சேவை மனப்பான்மை வளரும்னு ஹெச்எம் சொல்றாங்க. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா உள்ளதை சொல்லுங்க, விளம்பரம் வேணாம்.

ஜூன் 14, ராத்திரி 10.40

நான் போயிருக்கேன். பாளையங்கோட்டை பக்கம் பொண்ணுங்க ஸ்கூல், அங்க கைட்ஸ், அப்புறம் காலேஜ்ல என்எஸ்எஸ், அதான் நாட்டு நலப்பணித் திட்டம். முடிச்சு கதையை முதல்ல முடிச்சிருவோம். ரீஃப் நாட் இன்னைக்கும் போடுவேன், குளோவ் ஹிட்ச் துணி காயப்போட கொடி கட்டும்போது உதவுது, மத்ததெல்லாம் மறந்தாச்சு. சேவை மனப்பான்மை வந்துச்சான்னு எங்க மாமியார்ட்ட கேட்டீங்கன்னா வேற பதில் வரும்.

எனக்கு கிடைச்சது வேற. கைட்ஸ்ல ஏழெட்டு பிள்ளைங்களை ஒரு அணியா பிரிப்பாங்க, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பூ பேரு, எங்களுது தாமரை. எட்டாவது படிக்கிறப்ப நான் அணித்தலைவி. ஒரு கேம்ப்ல ரெண்டாம் நாள் காலைல இருந்து தூறல், விறகு பூரா நனைஞ்சு போச்சு, அரிசி பருப்பு எண்ணெய் எல்லாம் அளந்து கையில கொடுத்துட்டாங்க, இனி சமைச்சாதான் சோறு. நாங்க முக்காவாசி பேரு டவுன் பிள்ளைங்க, கேஸ் அடுப்பையே அம்மா தொடவிட மாட்டாங்க, நான் தலைவிங்கிற மிதப்புல தீக்குச்சி பெட்டியில பாதியை காலி பண்ணேன், புகைதான் வந்துச்சு. எங்க அணியில ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி இருந்தா, கிளாஸ்ல மார்க்ல கடைசி, வாயே திறக்க மாட்டா. அவ பேசாம எந்திரிச்சுப் போயி தென்னை மரத்தடியில அடிப்பக்கம் காஞ்ச ஓலையும் சிரட்டையும் பொறுக்கிட்டு வந்தா. "தள்ளுட்டி, ஊதி ஊதி அணைச்சுப்புடுவ"ன்னு என்னை ஓரங்கட்டிட்டு அடுப்பை பத்த வச்சா. அதுக்கப்புறம் யாரு காய் நறுக்கணும், யாரு தண்ணி தூக்கணும்னு அவ சொல்ல சொல்ல நான் மத்தவங்கள ஏவிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு எங்களுக்கு மட்டும்தான் வெந்த சோறு.

கைடு கேப்டன், அதாவது எங்க டீச்சர், பத்தடி தள்ளி வராண்டாவுல டீ குடிச்சுக்கிட்டு இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல. அப்ப எரிச்சலா இருந்துச்சு. இப்ப யோசிச்சா அவங்க செஞ்ச பெரிய வேலையே அதுதான்.

ஜூன் 15, காலைல

"வெள்ளைக்காரன் மிலிட்டரி விட்டுட்டுப் போன மிச்சம்"னு ஒருத்தர் போட்டிருக்கார். பாதி சரி. ஸ்கவுட்டை ஆரம்பிச்ச பேடன் பவல் மிலிட்டரிக்காரர்தான், தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் போர்ல மேஃபெக்கிங் ஊரை எதிரிங்க 217 நாள் முற்றுகை போட்டப்ப உள்ள இருந்தவர், அங்க சின்னப் பசங்க தபால் கொண்டுபோறது மாதிரி வேலையெல்லாம் ஒழுங்கா செஞ்சதைப் பாத்துட்டுதான் இந்த யோசனையே வலுத்துச்சும்பாங்க. ஆனா 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல அவர் வச்ச முதல் கேம்ப்பை பாருங்க, இருபது சொச்சம் பசங்க, ஈட்டன் ஹாரோ மாதிரி பணக்கார ஸ்கூல் பசங்களையும் அக்கம்பக்கத்து ஊர் ஏழை வீட்டுப் பசங்களையும் வேணும்னே கலந்து நாலு அணியா பிரிச்சார். மிலிட்டரியில ஆபீசர் பிள்ளையையும் சிப்பாய் பிள்ளையையும் அந்தக் காலத்துல ஒரே கூடாரத்துல போட்டுருப்பாங்களா?

நம்ம ஊர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1909ல பெங்களூர்ல ஆரம்பிச்சப்ப வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கு மட்டும்தான் இடம். நம்ம பசங்களை சேக்க மாட்டேன்னாங்க. அதுக்குப் பதிலாத்தான் அன்னி பெசன்ட் அம்மா 1916ல மெட்ராஸ்ல தனியா இந்தியன் பாய் ஸ்கவுட்ஸ்னு ஆரம்பிச்சாங்க, வடக்க மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி பேருல இன்னொன்னு. கடைசியில எல்லாம் ஒன்னா சேந்து பாரத் ஸ்கவுட்ஸ் ஆனது 1950 நவம்பர் 7, கைட்ஸ் வந்து சேந்தது அடுத்த வருஷம். அதனால அவன் விட்டுட்டுப் போனதுன்னு சொல்றதைவிட, கேட்டும் கொடுக்காததால நாமளே எடுத்துக்கிட்டதுன்னு சொல்லலாம்.

அதே நாள், மதியம்

பொண்ணுங்க விஷயம் சொல்ல மறந்துட்டேன். 1909ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல ஸ்கவுட் பசங்க கூடினப்ப, கூப்பிடாமலே பொண்ணுங்க கொஞ்ச பேரு தாங்களே யூனிஃபார்ம் மாதிரி மாட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. நாங்களும் ஸ்கவுட்தான்னாங்க. அடுத்த வருஷம் கைட்ஸ் வந்துச்சு, பேடன் பவலோட தங்கச்சி ஆக்னஸ் பொறுப்புல. 1911லயே ஜபல்பூர்ல இந்தியாவோட முதல் கைடு கம்பெனி. உங்க பொண்ணு ஃபார்மை கொண்டாந்து நீட்டுனதுன்னு படிச்சதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்ல அப்பா ஃபார்ம்ல கையெழுத்து போடாம எத்தனை நாள் இழுத்தடிச்சார்ங்கிறது தனிக்கதை.

ஜூன் 17

"தமிழ்நாட்டுல இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா"ன்னு கேட்டவருக்கு: 2017ல சாரணர் இயக்கத் தலைவர் தேர்தல்ல எச். ராஜா நின்னு தோத்தப்பதான் பாதி தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு இயக்கம் இருக்குன்னே தெரிஞ்சது. மீம் போட்டே விளம்பரம் ஆச்சு. இருக்குங்க, நல்லாவே இருக்கு. அரசியலை இதோட விட்டுருவோம், இழை வேற பக்கம் ஓடிரும்.

ஜூன் 21

இப்ப சேவை. இதுல எனக்கு நல்ல அபிப்பிராயம் மட்டும் கிடையாது.

என்எஸ்எஸ் 1969 செப்டம்பர் 24ல, காந்தி நூற்றாண்டுல ஆரம்பிச்சது, மொத மொதல்ல 37 யூனிவர்சிட்டி. வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240, நடுவுல தத்தெடுத்த கிராமத்துல ஏழு நாள் கேம்ப். 'எனக்காக அல்ல, உனக்காக'ங்கிற மாதிரி ஒரு வாசகம். கேக்க நல்லாத்தான் இருக்கும். எங்க கேம்ப்ல முதல் நாள் துவக்க விழா, கடைசி நாள் நிறைவு விழா, ரெண்டுக்கும் பொன்னாடை, மைக் செட், சிறப்பு விருந்தினர். நடுவுல இருந்த நாள்ல ஒரு நாள் பேரணி, ஒரு நாள் மரக்கன்னு. ஓடைக்கரை ஓரமா வேம்பும் புங்கனும் வரிசையா நட்டோம். ஒவ்வொரு கன்னு பக்கத்துலயும் ஒரு பேட்ச் நின்னு போட்டோ. ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு ஆச்சி நின்னு வேடிக்கை பாத்துட்டு கேட்டாவ, "ஏம்மா, வச்சிட்டியோ சரி, நாளைக்கு யாரு தண்ணி ஊத்துவா?" எங்க யார்ட்டயும் பதில் இல்ல. திட்ட அலுவலர் பஞ்சாயத்துல பாத்துக்குவாங்கன்னார். பஞ்சாயத்து பாக்கல. ஆச்சி ஆடுங்க பாத்துக்கிடுச்சு.

ஊருக்கு அந்த வாரத்துல கிடைச்சது பேனர் துணிதான், அதை யாரோ வைக்கப்போர் மேல போட்டு மூடிக்கிட்டாங்க, அந்த வகையில பிரயோஜனம். எங்களுக்கு என்ன கிடைச்சதுன்னா, அடுத்தவன் ஊருக்குப் போயி அவங்களை ஒரு வார்த்தை கேக்காம நல்லது பண்ணினா எப்படி இருக்கும்னு கண்ணால பாத்தோம். காலேஜ் கத்துக்கொடுக்கணும்னு நினைச்ச பாடம் அது இல்ல.

ஜூன் 22

நேத்து எழுதினதைப் படிச்சா என்எஸ்எஸ்ஸே வேஸ்ட்டுனு சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல, அதே கேம்ப்ல நடந்த இன்னொன்னையும் சொல்லணும்.

சர்வேன்னு வீடு வீடா அனுப்பினாங்க. எத்தனை பேரு, கக்கூஸ் இருக்கா, படிச்சவங்க எத்தனைன்னு கேட்டு எழுதணும். ஒரு வீட்ல தனியா இருந்த பாட்டி, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்டு பதிலே வரலைன்னு சொன்னாங்க. நானும் என் கூட வந்தவளும் சர்வே பேப்பரை மடிச்சு வச்சிட்டு அவங்க பெட்டியில இருந்த காகிதத்தை எல்லாம் எடுத்துப் பாத்தோம். மனு இருந்துச்சு, வயசுக்கு ஆதாரம் இல்ல. ரேஷன் கார்டுல போட்டிருந்த வயசுப்படி பாத்தா அவங்க மகனைவிட நாலு வயசுதான் மூத்தவங்க. விஏஓகிட்ட போனோம், அவர் ஆர்ஐயை பாக்கச் சொன்னார், ஆர்ஐ தாலுகா ஆபீசுல சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரை பாக்கச் சொன்னார், அங்க போனா கவர்மெண்ட் டாக்டர்கிட்ட வயசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கன்னாங்க. கேம்ப் முடிஞ்சும் நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறி ஏறிப் போனோம், கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு வரைக்கும் போச்சு. கிடைச்சது, லேட்டாத்தான்.

பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சவ நான், ஒரு காகிதம் கவர்மெண்ட்ல எந்த மேசையில இருந்து எந்த மேசைக்குப் போகும்னு அதுவரைக்கும் தெரியாது. அந்த 120 மணி நேரக் கணக்குல இந்த அலைச்சல் ஒன்னுகூட சேரல, ஏன்னா அது கேம்ப் புரோகிராம்ல இல்ல. மரம் நட்டது சேந்துச்சு.

ஆக சேவைன்னு சொன்னா எனக்கு ஒரே கேள்விதான், யாரு கேட்டாங்க? அந்தப் பாட்டி கேட்டாங்க. மரக்கன்னை யாரும் கேக்கல.

ஜூன் 29

ஆராய்ச்சி ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்தாங்க. ஸ்காட்லாந்துல எடின்பரோ யூனிவர்சிட்டியில இருந்து 2016ல வந்த ஒன்னு கொஞ்சம் பேர் வாங்கினது. பிரிட்டன்ல 1958ல பிறந்த குழந்தைங்களை வாழ்நாள் பூரா தொடர்ந்து கவனிச்சுக்கிட்டு வர்ற ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அதுல கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் தகவலை எடுத்துப் பாத்திருக்காங்க. சின்ன வயசுல ஸ்கவுட் கைட்ஸ்ல இருந்தவங்களுக்கு அம்பது வயசுல பதட்டம், மனச்சோர்வு மாதிரி பிரச்சனை வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட 15 சதவீதம் கம்மி.

இதைப் பிடிச்சிக்கிட்டு ஸ்கார்ஃப் கட்டுனா டாக்டர் செலவு மிச்சம்னு யாரும் கிளம்பிறாதீங்க. சேத்துவிடுற பெத்தவங்களே கொஞ்சம் அக்கறையானவங்களா இருக்கலாம், அதெல்லாம் கணக்குல எடுத்துதான் பாத்திருக்காங்கன்னாலும் முழுசா பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற ஒன்னு: வசதி கம்மியான வீட்ல பிறந்தவங்களுக்கும் வசதியானவங்களுக்கும் மனநலத்துல பொதுவா இருக்கிற இடைவெளி, ஸ்கவுட் கைட்ஸ்ல இருந்தவங்ககிட்ட குறைஞ்சிருந்துச்சு. அப்படின்னா அதிகமா பலன் யாருக்குன்னு பாத்துக்கோங்க. நம்ம ஊர்ல ஃபீஸ் கட்டி யூனிஃபார்ம் வாங்க முடிஞ்ச பிள்ளைங்களைத்தான் முதல்ல சேக்குறோம்.

ஜூலை 10

ஊர்ல இந்த வாரம் நெல்லையப்பர் ஆனித் தேர். போக முடியல, ஆபீஸ். வாட்ஸ்ஆப்ல வீடியோ மட்டும் பாத்தேன், அதனால இன்னைக்கு புலம்பல்தான்.

ஸ்கூல்ல இருக்கிறப்ப தேருக்கு எங்களை டூட்டிக்கு போடுவாங்க. பெரிய பசங்க கூட்டத்துல கயிறு பிடிப்பாங்க, எங்களுக்கு தண்ணிப் பந்தலும் காணாமப் போன பிள்ளைங்க டேபிளும். ரதவீதியில அந்தக் கூட்டத்துல ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளையாவது அழுதுக்கிட்டே வந்து சேரும். அப்பா பேரு என்னன்னா அப்பாம்பான். அம்மா பேரு? அம்மா. எந்த ஊரு? எங்க ஊரு. மைக்கில என்னத்த சொல்றது? நாங்களா ஒரு வழி கண்டுபிடிச்சோம், பேரைக் கேக்கக் கூடாது, வீட்ல அம்மாவை அப்பா எப்படி கூப்பிடுவாருன்னு கேக்கணும். "ஏ செல்வி"ம்பான்னு வச்சுக்கோங்க, பாதி முடிஞ்சது. எதுல வந்தீங்க, பஸ்ஸுல என்ன கலர், இறங்குனதும் என்ன வாங்கித் தந்தாங்க. ஒரு பய "எங்க அப்பா என்னை அப்பப்ப எருமைன்னு கூப்பிடுவாரு"ன்னு சொல்லிட்டான், அதை மைக்கில சொல்லவா வேணாமான்னு எங்களுக்குள்ள பெரிய விவாதம்.

இன்னைக்கு நான் இன்சூரன்ஸ் கிளெய்ம் பாக்குற வேலையில இருக்கேன். பதறிக்கிட்டு வர்றவங்ககிட்ட ஃபார்ம்ல இருக்கிற வரிசையில கேக்காம, அவங்களால பதில் சொல்ல முடியிற இடத்துல இருந்து கேக்கணும்னு எனக்கு டிரெய்னிங்ல யாரும் சொல்லித்தரல. அந்த டேபிள்ல கத்துக்கிட்டது.

ஜூலை 13

கேள்வி போட்டவர் மறுபடி வந்து, வீட்டம்மா ராத்திரி கேம்ப்புன்னா பயப்படுறாங்கன்னு எழுதியிருக்கார். பயப்படணும் சார். இதுல நான் அவங்க பக்கம்.

போன வருஷம் ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு தனியார் ஸ்கூல்ல என்சிசி (தேசிய மாணவர் படை) கேம்ப்புன்னு சொல்லி நடத்தினாங்க, என்சிசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, போலி ஆளுங்க, பொண்ணுங்களுக்கு பாலியல் கொடுமை நடந்துச்சு. அமெரிக்காவுல பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு மேல பாலியல் கொடுமை வழக்கு குவிஞ்சு 2020ல திவால் மனு போடுற நிலைமைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் வந்த புகார் மட்டும் 80 ஆயிரத்துக்கு மேல. நல்ல இயக்கம், நல்ல யூனிஃபார்ம்னு நம்பி விடுற விஷயம் இல்ல இது.

அதனால ஸ்கூலுக்கு நேர்ல போங்க. யூனிட் மாவட்ட சாரணர் சங்கத்துல இந்த வருஷத்துக்கு பதிவு ஆகியிருக்கா, பொறுப்பு டீச்சர் டிரெய்னிங் முடிச்சவங்களா, ராத்திரி பொண்ணுங்க கூட தங்குற லேடி டீச்சர்ங்க யாரு யாரு, அவங்க நம்பர் என்ன, பாத்ரூம் எவ்வளவு தூரம், வெளியாளுங்க யாரு வர்றாங்க. கூச்சப்படாம கேளுங்க. "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்"னு பதில் வந்தா அனுப்பாதீங்க. ஒழுங்கான கேப்டனுக்கு இந்தக் கேள்வியால கோவம் வராது.

அதே நேரம், பாத்ரூம் வரைக்கும் விசாரிச்சு எல்லாம் சரியா இருந்தும் பொண்ணுங்கிறதால மட்டும் அனுப்பலைன்னா, அது வேற. எங்க கிளாஸ்ல கேம்ப்புக்கு வந்ததுதான் வீட்டை விட்டு வெளிய தூங்குன முதல் ராத்திரின்னு சொன்னவங்க நிறைய. பின்னாடி வெளியூர் காலேஜுக்கு வீட்ல கேக்குறப்ப "அன்னைக்கு கேம்ப்புக்கு போயிட்டு வந்தேன்ல"ன்னு எங்க அப்பாகிட்ட நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

ஜூலை 26

சர்டிபிகேட் விஷயம். ஸ்கவுட் கைட்ஸ்ல கொடுக்குற ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது), ராஷ்டிரபதி விருது வாங்கினா வேலை கிடைக்குமான்னு ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. ரயில்வேயில ஸ்கவுட்ஸ் கைட்ஸ் கோட்டா நிஜமாவே உண்டு, ஆனா ராஷ்டிரபதி லெவல் வரைக்கும் போயிருக்கணும், இல்லன்னா பொறுப்பாளர்களுக்கான ஹிமாலயன் வுட் பேட்ஜ் டிரெய்னிங் முடிச்சிருக்கணும், தொடர்ந்து இயக்கத்துல இருக்கணும், இடமும் விரல் விட்டு எண்ணலாம். அதை நம்பி சேத்துவிடாதீங்க.

இந்த பேட்ஜ் பைத்தியம் எனக்குக் கொஞ்சம் ஆகாது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான்னு படிப்படியா போறது ஒழுங்கா செஞ்சா நல்லதுதான், ஆனா லாக் புக்கை டெஸ்டுக்கு முந்தின ராத்திரி அம்மா உக்காந்து எழுதிக் கொடுக்குற வீடு எனக்குத் தெரியும். இப்ப சென்னையில இன்னொரு கூத்து, வெளிநாட்டு காலேஜ் அட்மிஷனுக்காக 'சர்வீஸ் ஹவர்ஸ்' சேக்குறாங்க, ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போயி கேக் வெட்டி ஒரு மணி நேரம், செல்ஃபி ஒரு மணி நேரம். அங்க இருக்கிற பிள்ளைங்க அதே கேக்கை வாரத்துக்கு எத்தனை தடவை சிரிச்சுக்கிட்டே வாங்குறாங்களோ.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு: மணப்பாறையில ஜனவரி கடைசியில நடந்த சாரணர் வைர விழா பெருந்திரளணிக்கு (ஜம்போரி) எங்க சொந்தத்துல ஒரு பய போயிட்டு வந்தான். முறுக்கு வாங்கிட்டு வாடான்னா வடநாட்டு ஸ்டேட் பசங்களோட ஸ்கார்ஃபை மாத்தி வாங்கிட்டு வந்திருக்கான். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, அவனுங்களுக்கு தமிழ் தெரியாது, எப்படிடா பேசுனீங்கன்னா "இங்கிலீஷ் அவனுங்களுக்கும் வராது அத்தை, அதனால பிரச்சனையே இல்ல"ங்கிறான். டார்ச் லைட்டு, தட்டு, ஒரு ஷூ, மூணையும் தொலைச்சிட்டு வந்ததுக்கு அவங்க அம்மா இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க.

ஆகஸ்ட் 3

ஹாஸ்டல் பிள்ளை கதை நிறைய பேருக்குப் பிடிச்சிருக்கு, அதனாலதான் மிச்சத்தையும் சொல்றேன். கேம்ப் முடிஞ்சு ஸ்கூலுக்கு வந்ததும் ஒரு மாசம் அவளுக்கு நல்ல மரியாதை இருந்துச்சு. அப்புறம் காலாண்டு பரீட்சை பேப்பர் கொடுத்தாங்க, எல்லாம் பழையபடி. டீச்சர் மார்க் வரிசைப்படி உக்கார வச்சாங்க, அவ பின்னாடி போயிட்டா. பத்தாவதோட நின்னுட்டான்னு கேள்வி.

கேம்ப்ல எட்டு பேரும் சமம், ஸ்கூல்ல கிடையாது. ஸ்கூல் தன் பங்குக்கு எதையும் மாத்திக்கலைன்னா கைட்ஸ் மட்டும் எவ்வளவு தாங்கும். என்னைப் பொறுத்தவரைக்கும் அவகிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டேன், பெரிசா எடுத்துக்கிட்டேன், யாரை வேலைக்கு எடுக்கச் சொன்னாலும் இன்னைக்கும் மார்க்கை கடைசியாத்தான் பாப்பேன். அவளுக்கு அதுல இருந்து என்ன கிடைச்சதுன்னு கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல. எடின்பரோ ஆய்வை சந்தோஷமா எடுத்துப் போட்டப்ப இது மனசுக்குள்ள உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 4

"அப்ப கட்டாயம் ஆக்கிரலாமே, எல்லாருக்கும் கிடைக்கும்"னு ஒரு யோசனை. காலேஜ்ல ஏற்கனவே பார்ட் ஃபைவ்ல, அதாவது பாடத்திட்டத்தோட அஞ்சாவது பகுதியில, இதுக்கு கிரெடிட் இருக்கு, என்எஸ்எஸ்ஸோ என்சிசியோ ஏதோ ஒன்னுல பேரு கொடுத்தாகணும். என்ன ஆகுது? பேரு கொடுக்குறாங்க.

ஆகஸ்ட் 16

நேத்து சுதந்திர தினத்துக்கு வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல கொடியேத்தம் பாக்கப் போயிருந்தேன். அங்க கைட்ஸ் யூனிட் ரெண்டு வருஷமா நின்னு போயிருக்கு. பிள்ளைங்க இல்லாம இல்ல, கேப்டன் இல்லாமத்தான். முன்னாடி பாத்துக்கிட்ட டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க, இருக்கிறவங்களுக்கு கிளாஸ் எடுத்து எமிஸ்ல (கவர்மெண்டோட ஆன்லைன் ஸ்கூல் பதிவேடு) பதிஞ்சு முடிக்கவே நேரம் சரியா இருக்கு, சனிக்கிழமையும் பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு மேய யாரும் தயாரா இல்ல. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. எங்க டீச்சர் அத்தனை வருஷம் அந்த வராண்டாவுல உக்காந்தப்ப அவங்க வீட்டுப் பிள்ளைங்களை யாரு பாத்துக்கிட்டாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

பேச்சு கொடுத்ததுல ஹெச்எம் பட்டுனு, "நீங்க வர்றீங்களாம்மா"ன்னுட்டாங்க. கேப்டன் ஆகணும்னா பேசிக் கோர்ஸ் முடிக்கணும், ஏழு நாள், கூடாரத்துல தங்கி. இடுப்பு ஏற்கனவே சொன்னபடி கேக்கல. லீவு கேட்டா எங்க மேனேஜர் எதுக்குன்னு கேப்பார், முடிச்சு போடக் கத்துக்கப் போறேன்னு சொன்னா அந்த மனுஷன் முகம் எப்படிப் போகும்னு நினைச்சாலே சிரிப்பு வருது. திங்கக்கிழமை கேட்டுப் பாக்கிறேன்.